அவன் யாரைக் காப்பாற்றப் போனான்?



சென்ற விடுமுறையில் ஓர் இரவு என் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் மூத்த மகள். பிரதிவாதி அவள் தம்பி. நீதிபதி ஸ்தானத்தில் இஷ்டமில்லாமல் உட்கார வைக்கப்பட்டவன் நான். வழக்குக்குக் காரணம் காணியுமல்ல, கடனுமல்ல; ஒரு சினிமாப் படம். அதில் வருகிற வீரன், ஆபத்தில் இருந்த இருவரில் யாரைக் காப்பாற்ற எண்ணி ஓடினான் என்பதே விவாதம். இரவு பதினொன்றரை மணிக்குத் தொடங்கியது, மறுநாள் காலைப் பலகாரத்தின்போதும் தீரவில்லை.

சினிமாக் கதையைப் பற்றிப் பங்குப் பத்திரிகையில் எழுத என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஒருவன் செய்த காரியம் நம் கண்முன்னே நடக்கிறது. அதை எதற்காகச் செய்தான் என்பது மட்டும் தெரியவில்லை. அப்போது நாம் என்ன நினைக்கிறோம், எப்படி நினைக்கிறோம், நினைத்ததை எவ்வளவு சீக்கிரம் நிச்சயமாக்கி விடுகிறோம்? இந்தக் கேள்வி எந்தக் குடும்பத்துக்கு அந்நியமானது?

படத்தின் பெயர் 'தி டார்க் நைட்'. கிறிஸ்டோபர் நோலன் என்பவர் எடுத்தது. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் கதாநாயகனாகிய பேட்மேன் அதற்கு வெகுகாலம் முன்பே, 1939 ஆம் ஆண்டில், பாப் கேன், பில் ஃபிங்கர் என்ற இருவரால் அமெரிக்கச் சித்திரக் கதைப் பத்திரிகை ஒன்றில் பிறந்தவன். காத்தம் என்ற கற்பனை நகரத்தில் புரூஸ் வேய்ன் என்று ஒரு பெருஞ்செல்வன். சிறுவயதில் தாய் தந்தையர் கண்ணெதிரே சுட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டவன். இப்போது இரவு நேரங்களில் வௌவால் வேஷம் பூண்டு அக்கிரமக்காரரை அடக்குகிறான். பறக்கும் சக்தி, மாயசக்தி ஒன்றும் அவனிடம் இல்லை. பணமும் பயிற்சியும் பிடிவாதமும்தான். கொடூரக் காட்சிகள் உள்ள படமாகையால் சிறு குழந்தைகளுக்குக் காட்டத் தக்கதல்ல என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் பெற்றோரும் கூட உட்கார்ந்து பார்க்கலாம்.

வழக்குக்கு வருவோம். ஜோக்கர் என்ற கொலைகாரன், முகத்தில் வெள்ளைச் சாயம் பூசியவன், வாயோரம் இரண்டும் கிழிந்து தழும்பேறியவன், பிடிபட்டுக் காவல் நிலைய விசாரணை அறையில் இருக்கிறான். அதே இரவில் இருவர் காணாமற் போகிறார்கள். ஒருவன் ஹார்வி டென்ட். அரசாங்கத் தலைமை வக்கீல். அஞ்சாமல் குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றியதால் நகரம் முழுவதும் நம்பியிருக்கும் நேர்மையாளன். மற்றவள் ரேச்சல், புரூஸின் பால்ய சிநேகிதி, அவன் மனமார நேசித்தவள், இப்போது டென்டுக்கு நெருக்கமானவள். இருவரும் வெவ்வேறு இடங்களில், எண்ணெய்ப் பீப்பாய்களின் நடுவே, வெடிகளோடு கட்டி வைக்கப்பட்டிருக்கிறார்கள். நேரம் சில நிமிஷங்களே. ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்று ஜோக்கர் சிரித்துக்கொண்டே இரண்டு முகவரிகளைச் சொல்லுகிறான். பேட்மேன் வெளியே பாய்கிறான். யாரைத் தேடிப் போகிறாய் என்று போலீஸ் அதிகாரி கார்டன் கேட்க, ரேச்சலை என்று பதில் சொல்லிப் போகிறான். கதவை உடைத்து உள்ளே நுழைந்தால் அங்கே கிடப்பவன் டென்ட். கார்டன் மற்ற இடத்தை அடைவதற்குள் அது வெடித்து எரிகிறது. ரேச்சல் இறந்தாள். டென்ட் பாதி முகம் வெந்து பிழைத்தான்.

"பேட்மேன் வேண்டுமென்றேதான் டென்டிடம் போனான்" என்பது என் மகளின் வாதம். "தன் காதலைவிட நகரத்தின் நன்மை பெரிதென்று நினைப்பவன் அவன். டென்ட் செத்தால் நகரத்தின் நம்பிக்கையே செத்துப் போகும். வாயால் ரேச்சல் என்று சொன்னான். மனசால் டென்டைத் தெரிந்துகொண்டான். அதுதான் அப்பா, தியாகம்."

"அக்கா தன் இஷ்டத்துக்குக் கதை கட்டுகிறாள்" என்றான் மகன். "ஜோக்கர் முகவரிகளை மாற்றிச் சொல்லி ஏமாற்றிவிட்டான். அவ்வளவுதான்."

இப்படி நினைப்பவள் என் மகள் ஒருத்தி மட்டுமல்ல. நானும் முதல் தடவை பார்த்தபோது அப்படித்தான் நினைத்தேன். காட்சி வேகமாக ஓடுகிறது. விளைவு மட்டும் மனதில் தங்குகிறது. பிழைத்தவன் டென்ட், ஆகவே காப்பாற்ற நினைத்ததும் டென்டை! விளைவிலிருந்து பின்னோக்கி நடந்து நோக்கத்தை எட்டிவிட்டோம் என்று எண்ணுகிறோம். இந்தக் குறுக்குப் பாதை எவ்வளவு பேரைக் குழியில் தள்ளியிருக்கிறது!

மகன் அந்த இடத்தை மறுபடியும் ஓட்டிக் காட்டினான். சாட்சிகளைப் பாருங்கள். முதலாவது, கேட்ட கேள்விக்குத் தயங்காமல் அவன் சொன்ன பதில். கார்டனை ஏமாற்றுவதால் அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. போலீஸார் எப்படியும் மற்ற இடத்துக்குத்தான் போகிறார்கள். இரண்டாவது, கதவைத் திறந்து டென்டைக் கண்டவுடன் அவன் ஒரு கணம் திகைத்து நிற்பது. தேடி வந்தவனைக் கண்டவன் திகைப்பானா? மூன்றாவது, சில நாள் முந்தி ஒரு விருந்தில் ஜோக்கர் ரேச்சலை மாடியிலிருந்து தள்ளியபோது, பின்னால் என்ன ஆகுமென்று பாராமல் அவளைத் தொடர்ந்து குதித்தவன் இவன். ஜோக்கரும் அதைக் கவனித்து வைத்திருந்து விசாரணை அறையில் அவனிடமே குத்திக் காட்டுகிறான். நாலாவது, மறுநாள் அவன் முகமூடியைக் கழற்றிவிட்டு, இந்தச் சாவுக்கு நான்தான் காரணமோ என்று ஆல்பிரடிடம் உடைந்துபோய்க் கேட்பது. தெரிந்து தியாகம் செய்தவனின் துக்கமல்ல அது, வஞ்சிக்கப்பட்டவனின் துக்கம்.

என் மகளின் வியாக்கியானம் அவனை உயர்த்துகிறது என்பது உண்மையே. ஆனால் உயர்த்துகிற தப்பும் தப்புத்தானே? அவன் அன்றிரவு காதலித்த பெண்ணைக் காப்பாற்ற ஓடிய சாதாரண மனுஷன். அதில் இழிவு என்ன இருக்கிறது?

இனி அந்த ஜோக்கரைக் கொஞ்சம் கவனியுங்கள். படத்தில் தன் காரணத்தைத் தானே வலிய எடுத்துச் சொல்லுகிறவன் அவன் ஒருவனே. வாயோரத் தழும்பு எப்படி வந்தது தெரியுமா என்று ஒருவனிடம் ஆரம்பிக்கிறான்: தகப்பன் குடிகாரன், ஒருநாள் வெறியில் மகன் வாயைக் கத்தியால் கிழித்தான் என்று. கேட்கும்போது நமக்கே இரக்கம் பிறக்கிறது. பிறகு ரேச்சலிடம் வேறு கதை: மனைவியின் முகத்தைக் கடன்காரர் சிதைத்தார்கள், அவளுக்கு ஆறுதலாகத் தன் வாயைத் தானே கிழித்துக்கொண்டான், அவளோ அருவருத்துப் போய்விட்டாள் என்று. முதல் இரக்கம் நமக்குள் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்கிறது. கடைசியில் பேட்மேனிடமும் ஆரம்பிக்கிறான், முடிக்க விடவில்லை. தழும்பின் உண்மைக் காரணம் படம் முடியும்வரை யாருக்கும் தெரியாது.

இதே ஜோக்கர், ஆஸ்பத்திரியில் டென்டின் கட்டிலருகே உட்கார்ந்து, தன்னிடம் திட்டம் என்று ஒன்றுமே கிடையாது, தான் வெறுமனே காரியங்களைச் செய்கிறவன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லுகிறான். படத்தின் முதல் காட்சி என்ன? பாங்கிக் கொள்ளை. ஒவ்வொரு கூட்டாளியும் தன் வேலை முடிந்த நொடியில் மற்றவனால் சுடப்படுகிறான். பள்ளிக்கூட பஸ் ஒன்று நிமிஷம் தப்பாமல் சுவரை இடித்துக்கொண்டு உள்ளே வருகிறது. இவ்வளவும் திட்டமில்லாதவன் வேலையாம்! ஆகவே ஒருவன் தன் நோக்கத்தைப் பற்றித் தானே கொடுக்கும் வாக்குமூலம் சாட்சிகளில் ஒன்றே தவிர, தீர்ப்பல்ல. (பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாம் நம்முடைய காரணங்களை அடுக்குகிறோமே, அவையும் அப்படித்தானோ என்று எனக்கு ஒரு சம்சயம். அது வேறு விஷயம்.)

புரூஸ் வேய்ன் அவனை எப்படி எடைபோட்டான்? குற்றவாளிகள் பெரிய புதிரல்ல. இவனுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்தால் போதும் என்று. அப்போது அந்த வீட்டு வயோதிக ஊழியர் ஆல்பிரட் தம் வாலிப காலத்துப் பர்மாக் கதையைச் சொல்லுகிறார். மாணிக்கக் கற்களைக் கொள்ளையடித்த ஒரு திருடனை அவர்கள் பல மாதம் தேடினார்களாம்; கற்களை வாங்கியவன் ஒருவனும் அகப்படவில்லையாம்; ஒருநாள் ஒரு குழந்தை பெரிய மாணிக்கத்தை வைத்து விளையாடுவதைக் கண்டார்களாம். திருடன் அத்தனையையும் எறிந்துவிட்டான். பணத்துக்காகத் திருடவில்லை. எல்லாரும் ஏதாவது ஒன்றை விரும்பித்தான் செய்வார்கள் என்று நம் அளவுகோலை எடுத்துக்கொண்டு போனால் சில இடங்களில் அது அளக்காது என்பதே அந்த முதியவர் சொல்ல வந்தது. பின்னால் ஜோக்கர் தன் பங்குப் பணக் குவியலுக்கே நெருப்பு வைக்கும்போது ஆல்பிரடின் எடை சரியென்று தெரிகிறது.

டென்டின் நாணயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. படத்தில் எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் அது. டென்ட் எதற்கும் பூவா தலையா போட்டுப் பார்க்கிறவன். தகப்பனார் கொடுத்த வெள்ளி நாணயம். ரேச்சலின் உயிருக்கு ஆபத்து என்று அறிந்து ஆத்திரங்கொண்ட ஓர் இரவில், ஜோக்கரின் ஆள் ஒருவனைக் கட்டி வைத்துத் துப்பாக்கியை நீட்டி நாணயத்தைச் சுண்டுகிறான்: தலை விழுந்தால் பிழைத்தாய், பூ விழுந்தால் செத்தாய். அகப்பட்டவனோ சித்தசுவாதீனமில்லாத பரிதாபப் பிராணி. பார்க்கிற நமக்கு நெஞ்சு பதறுகிறது. பேட்மேன் வந்து நாணயத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு மனுஷன் உயிரை அதிர்ஷ்டத்தின் கையில் விடுவாயா என்று கடிந்துகொள்கிறான். டென்ட், அப்படியே விட்டுவிடவில்லை என்று மட்டும் பதில் சொல்லுகிறான். நாம் அதைச் சமாளிப்பு என்று எடுத்துக்கொள்கிறோம்.

சற்றுப் பின்னால் அவனை விலங்கிட்டுக் கொண்டுபோகும்போது அந்த நாணயத்தை ரேச்சலிடம் எறிகிறான். அவள் திருப்பிப் பார்க்கிறாள். இரண்டு பக்கமும் தலை! ஆகவே அவன் அந்த மனுஷனைக் கொல்லக் கருதவே இல்லை. பயமுறுத்தி உண்மையை வாங்கப் பார்த்தான். அதுவும் நியாயமல்ல, கட்டுண்ட நோயாளியைத் துப்பாக்கியால் மிரட்டுவது குற்றமே. ஆனால் கொலை எண்ணம் வேறு, மிரட்டல் வேறு. நல்லவனாகிய பேட்மேனும், கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாமும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவனைக் கொலைகாரனாக்கி விட்டோம். அந்தோ, நெருப்பில் வெந்தபின் அதே நாணயத்தின் ஒரு பக்கம் கருகிப் போகிறது. அப்புறம் அவன் மெய்யாகவே கொலைகாரனாகிறான், மெய்யாகவே உயிர்களைப் பூவா தலையா போடுகிறான். பின்னால் நடந்தது முன்னால் நாம் செய்த தீர்ப்பை நியாயமாக்குமா? ஆக்காது என்றே நினைக்கிறேன். அன்றிரவு நாணயத்தில் இரண்டு தலை இருந்தது, இருந்ததுதான்.

இனி அந்த இரண்டு படகுகள். நகரத்தை விட்டு ஜனங்கள் ஓடுகிற இரவில், ஆற்றின் நடுவே இரண்டு பெரிய பயணிப் படகுகள் எஞ்சின் நின்றுபோய் மிதக்கின்றன. ஒன்றில் குடும்பங்களும் வியாபாரிகளும். மற்றதில் சிறைக் கைதிகளும் காவலர்களும். இரண்டிலும் வெடிமருந்துப் பீப்பாய்கள். ஒவ்வொரு படகிலும் மற்றப் படகை வெடிக்கச் செய்யும் விசை இருக்கிறது. நள்ளிரவுக்குள் யாராவது விசையை அழுத்தாவிட்டால் இரண்டையும் அழிப்பேன் என்கிறான் ஜோக்கர். யோக்கியர்கள் நிறைந்த படகில் சீட்டு எழுதி வாக்கெடுக்கிறார்கள். கைதிகளைக் கொல்ல 396 பேர். வேண்டாமென்று 140 பேர். ஆனால் அழுத்த ஒருவருக்கும் கை எழவில்லை. கடைசியில் நன்றாக உடுத்திய ஒரு கனவான், யாருக்கும் கை அழுக்காகப் பிரியமில்லை, நானே செய்கிறேன் என்று எழுந்து விசையைக் கையில் எடுக்கிறார். பார்க்கிறார். நடுங்குகிறார். பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்.

மற்றப் படகில் பருத்த உடலும் பயங்கரமான முகமுமாக ஒரு கைதி எழுந்து அதிகாரியிடம் வருகிறான். பத்து நிமிஷத்துக்கு முன்பே நீர் செய்திருக்க வேண்டியதை நான் செய்கிறேன், பலவந்தமாகப் பிடுங்கிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் என்று விசையைக் கேட்கிறான். அதிகாரி கொடுத்து விடுகிறார். வாங்கியவன் அதை ஜன்னல் வழியாகத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் போய்விடுகிறான்.

என் மகன் அந்தக் கணத்தில் மூச்சை இழுத்தான். "நான் அவன் அழுத்தப் போகிறான் என்றே நினைத்தேன், அப்பா" என்றான். நானும் அப்படியே. எதனால் நினைத்தோம்? அவன் சொன்ன வார்த்தை இரண்டு அர்த்தமும் கொள்ளக் கூடியது. கெட்ட அர்த்தத்தை நாம் சேர்த்தது அவனுடைய முகத்தையும் சிறை உடுப்பையும் பார்த்துத்தான்.

இந்த இடத்தில் பழைய வேதசாஸ்திரி ஒருவரை அழைக்காமல் இருக்க முடியாது. 1274 ஆம் ஆண்டில் மரித்த அர்ச். தோமாஸ் அக்குயினார் தமது பெரிய கிரந்தத்தின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதியில், 60 ஆம் கேள்வியில், இதையே விசாரிக்கிறார்: சந்தேகமானவற்றை நல்ல பக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? ஆம் என்கிறார். ஒரு கெட்டிக்காரன் கேட்கக்கூடிய தடையையும் தாமே எழுப்புகிறார்: மனுஷரில் பெரும்பாலோர் தீமைக்குச் சாய்கிறவர்களாயிற்றே, நல்லபடி நினைத்தால் அடிக்கடி ஏமாந்து போவோமே? ஏமாறட்டும் என்பதே அவர் பதிலின் சாரம். கெட்டவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை ஏமாறுவது, நல்லவனைக் கெட்டவனென்று எண்ணி எப்போதோ ஒருமுறை தவறுவதைவிட மேல். முந்தினதில் ஒருவருக்கும் அநியாயம் நடக்கவில்லை; பிந்தினதில் ஒருவனுக்கு அநியாயம் நடந்துவிட்டது.

அவர் சொல்லும் இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். தீமைக்குப் பரிகாரம் தேடவேண்டிய இடத்தில் மோசமானதையே எதிர்பார்த்து ஜாக்கிரதை செய்யலாம் என்கிறார். கதவைப் பூட்டுவது, திருடன் என்று ஒருவனைத் தீர்ப்பிடுவதல்ல. படகிலிருந்த அதிகாரி விசையைக் கொடுக்காமல் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் அது குற்றமாகாது. ஆனால் கொட்டகை நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் காக்கவேண்டிய கதவு ஏது? எனக்கு எந்த அவசியமும் இல்லாதபோதே அந்தக் கைதியை நான் தீர்ப்பிட்டேன்.

கதைப் பாத்திரத்தை எப்படி நினைத்தால் என்ன, அவன் உயிருள்ள மனுஷனா, அவனுக்கு மானநஷ்டம் உண்டா என்று மகள் மடக்கினாள். நியாயமான கேள்வி. அவனுக்கு நஷ்டமில்லை. அதனாலேயே படத்தைப் பார்க்கும்போது நாம் தாட்சணியமின்றிச் சாட்சியை மட்டும் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொல்லப் பழகலாம். பேட்மேன் ரேச்சலுக்காக ஓடினான் என்று நான் தீர்ப்புச் சொன்னது அவன்மேல் இரக்கப்பட்டல்ல, சாட்சி அப்படியிருக்கிறது என்பதற்காக. ஆனால் ஒன்று பாருங்கள்: படத்தில் இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கலாம். ஒளிப்பதிவுக்காரர் நமக்காகக் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் போய் நிற்கிறார். இவ்வளவு இருந்தும் ஒரே வீட்டில் அக்காளும் தம்பியும் ஒத்துப்போகவில்லை.

அந்தக் கனவானின் விஷயத்தில் நான் தோற்றுப்போனேன். அவர் விசையைத் திரும்ப வைத்தது மனச்சாட்சியாலா, கோழைத்தனத்தாலா? பிறரைக் கொல்லலாமென்று சீட்டில் எழுதியவர் தம் விரலால் கொல்ல மறுத்தார். எத்தனை தடவை ஓட்டினாலும் அந்த முகம் பதில் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று விட்டுவிட்டேன். தெரியவில்லை என்பதும் ஒரு தீர்ப்பு. அதைச் சொல்ல ஏனோ நமக்கு நாக்குக் கூசுகிறது.

படத்தின் முடிவு இன்னும் சங்கடமானது. டென்ட் வெறிகொண்டு பழி தீர்க்கப் புறப்பட்டு, கார்டனின் மகனைப் பிடித்து வைத்திருக்கிறான். பிள்ளையைக் காக்கப் பேட்மேன் பாய்ந்ததில் டென்ட் விழுந்து இறக்கிறான். நேர்மையாளன் கொலைகாரனான கதை வெளிவந்தால் நகரம் மனமுடையும், அவன் சிறையிலடைத்தவர்கள் வெளியே வருவார்கள் என்று, அந்தக் கொலைகளையெல்லாம் பேட்மேன் தானே செய்ததாகப் பழியை ஏற்றுக்கொண்டு ஓடுகிறான். கார்டன் ஒத்துக்கொள்கிறார். டென்ட் புனிதனாக அடக்கஞ்செய்யப்படுகிறான்.

கொட்டகையில் பலர் கண் கலங்கும் இடம். பழியை வலிய ஏற்றவனின் நோக்கத்தில் சுயநலம் இருந்ததாக நான் காணவில்லை. இதே மனுஷன் ஜோக்கரைப் பிடிப்பதற்காக நகரத்தார் அனைவருடைய போனையும் ஒட்டுக்கேட்கும் இயந்திரத்தைச் செய்தபோதும், அதன் சாவியைத் தான் வைத்துக்கொள்ளாமல், அதைக் கண்டித்த ஃபாக்ஸ் என்ற பெரியவரிடமே ஒப்புவித்து, வேலை முடிந்ததும் அவர் பெயரை அடித்தால் அது தானே அழியும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தான். முன்னேற்பாடு பேச்சைவிட நல்ல சாட்சி. ஆகவே அவன் உள்ளத்தைப் பற்றி நல்லதையே சொல்வேன்.

ஆனால் செய்த காரியம்? பொய். ஒரு நகரத்துக்கே சொன்ன பொய். அர்ச். தோமாஸ் பொய்களைத் தரம் பிரிக்கிறார். விளையாட்டுப் பொய், உபகாரப் பொய், கேடு செய்யும் பொய் என்று. உபகாரப் பொய்யின் கனம் குறைவு என்பார். பொய்யல்ல என்று சொல்லமாட்டார். நல்ல நோக்கம் காரியத்தின் பெயரை மாற்றாது. காரியத்தின் பெயரைக் கொண்டு ஆளின் பெயரை எழுதிவிடவும் கூடாது. இந்த இரண்டு கணக்கையும் ஒரே பேரேட்டில் எழுதுவதால்தான் நமக்கு இத்தனை குழப்பம். 2012 ஆம் ஆண்டில் வந்த அடுத்த படத்தில் அந்தப் பொய்யின்மேல் கட்டிய சமாதானம் இடிந்து விழுவதைக் காட்டினார்கள். நோலன் வேதசாஸ்திரம் வாசித்தாரோ என்னவோ.

கடைசியாக ஒரு சிறு காட்சி. ரேச்சல் சாகுமுன் புரூஸுக்கு ஒரு கடிதம் எழுதி ஆல்பிரடிடம் கொடுத்திருந்தாள்: தான் டென்டைத்தான் மணக்கப் போவதாக. அவள் தனக்காகக் காத்திருந்திருப்பாள் என்ற நினைப்பு ஒன்றே புரூஸுக்கு மிஞ்சிய ஆறுதல். ஆல்பிரட் அந்தக் கடிதத்தைக் கொடுக்கவில்லை. எரித்து விடுகிறார். அடுத்த படத்தில் எட்டு வருஷம் கழித்து உண்மையைச் சொல்லும்போது, அந்த வீட்டைப் பிள்ளைபோல் காத்தவருக்கும் புரூஸுக்கும் பிரிவே வந்துவிடுகிறது.

இங்கே நான் சொந்த விஷயம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. என் தகப்பனார் வியாதியாய்க் கிடந்தபோது நான் தூரத்து ஊரில் உத்தியோகம். பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னதை என் அண்ணன் எனக்குத் தெரிவிக்கவில்லை. சுகமாயிருக்கிறார் என்றே எழுதி வந்தார். நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அதே மாதத்தில் வீட்டுப் பத்திரம் அண்ணன் பெயருக்கு மாறியிருந்தது. எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. பதினொரு வருஷம் நான் அவர் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அவர் மரித்தபின் அண்ணி ஒருநாள் சொன்னார்: "அப்பாதான் தம்பிக்குச் சொல்ல வேண்டாம், வேலையை விட்டுவிட்டு ஓடிவருவான் என்று கேட்டுக்கொண்டார்." அது உண்மையோ, புருஷன் பெயரைக் காப்பாற்ற அண்ணி சொன்ன வார்த்தையோ, எனக்குத் தெரியாது. கேட்டுத் தெளிய இருவரும் இல்லை. நாணயத்தின் மறுபக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவேயில்லை. திருப்பக்கூடிய காலத்தில் கையை மடக்கிக்கொண்டிருந்தேன்.

கடிதம் எரிகிற காட்சியில் என் மகன் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அப்பா, இந்த ஆல்பிரட் நல்லவரா, கெட்டவரா?"

"கடிதத்தை எரித்தது தப்பு" என்றேன்.

"அவர்?"

"படம் ஓடட்டும்" என்றேன்.